நன்றியறிதலும் பொங்கல் விருந்தும்

திருச்சிற்றம்பலம்

தமிழ் மக்கள் ஆண்டுதோறுங் கொண்டாடிவரும் திருநாட்கள் பலவற்றுள்ளும் தைத்திங்கள் முதல்நாளில் நிகழும் பொங்கல் தனிச் சிறப்புடையதாகும். ஏனைய திருநாட்களிற் பல, இறைவன் ஒரு காலத்து ஓரிடத்தில் அடியார் பொருட்டு நிகழ்த்திய அருட்செயலொன்றனை நினைவுகூர்தற்கு எழுந்தன. பொங்கலோ, அவன் எக்காலத்தும் எவ்விடத்தும் இடையறாது நிகழ்த்திவரும் அருட்செயலொன்றனை, உயிர்களை உண்பித்து வளர்த்தலாகிய அதனை, நினைவுகூர்தற்கு எழுந்தது. அன்று இல்லங்கள் வெள்ளையடிக்கப்பெற்றுச் செம்மண் பட்டை தீட்டப்பெறுகின்றன, வாயிலில் மாக்கோலமும் மாவிலைத் தோரணமும் பொலிகின்றன, புதுப்பானையின் கழுத்தில் மஞ்சட்கொத்தும் இஞ்சிக்கொத்தும் கட்டப்படுகின்றன, கரும்பு சார்த்தப்படுகின்றது, பிரிந்திருந்த சுற்றத்தார் ஒருங்குகூடித் தலைவாழையிலையில் உண்டு மகிழ்கின்றனர். இஃது உழவர் நன்றி செலுத்தும் நாளென்று யாவருங் கூறுவர். அக்கூற்று மெய்யே. எனினும், அந்நன்றி யாருக்கு உரியது, எவ்வாறு செலுத்தப்படுவது, பானையும் கரும்பும் கோலமும் அதற்கு எவ்வாறு துணையாவன என்பவற்றை ஆராய்ந்தறிந்தார் சிலரே. ஆராயாது செய்யும் நற்செயல் நாளடைவில் வெறும் வழக்கமாய்த் தேய்ந்து, பின்னர் ஆரவாரமாய் முடிதல் உலகியற்கை. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் நன்றியென்னுஞ் சொல்லை நோக்குக. இக்காலத்தார் ஒருவர்க்கொருவர் வாயாற் கூறும் உபசாரமொழியாக அதனை வழங்குகின்றனர். பண்டைத் தமிழிலோ அச்சொல் நன்மையெனப் பொருள்படுவது. செய்ந்நன்றியென்றது பிறரொருவர் செய்த நன்மையை. திருவள்ளுவனார் தம் நூலின் 11ஆவது அதிகாரத்திற்குப் பெயரிடுங்கால் செய்ந்நன்றி கூறல் என்றாதல் செய்ந்நன்றி தீர்த்தல் என்றாதல் கூறாது, செய்ந்நன்றியறிதல் என்றமைத்தமை பெரிதும் சிந்திக்கற்பாலது. எனவே, நன்றியின் உயிர் அறிதலேயாம். பெற்ற நன்மையை நன்மையென்று அறிதலும், அது தன்பால் எழுந்ததன்று, பிறர்பால் நின்று வந்ததென்று அறிதலும், அவ்வறிவை மறவாமையுமே அதன் கூறுகள். வாய்ச்சொல்லும் கைம்மாறும் அவ்வறிவின் வழிவருவன. அறிவின்றிச் சொல்லும் சொல் எத்துணை இனிதாயினும் நன்றியாகாது. அறிவு நிறைந்த உள்ளத்தோடு ஒருவன் வாளா இருப்பினும் நன்றியில்லாதவனாகான்.

இனி, இங்கு ஓர் ஐயம் எழும். மக்கள் செய்யும் உதவிக்குக் கைம்மாறு செய்தல் கூடும். ஏனெனின் மக்கள் குறையுடையார். நேற்று நமக்கு நெல் தந்தான் நாளை நம்பால் நெல் வேண்டுதலும் உண்டு. இறைவனோ குறைவிலா நிறைவாயுள்ளவன். வேண்டுதல் வேண்டாமை இல்லாத அவனுக்கு நாம் யாது செய்யவல்லேம்? அவன் தந்த நெல்லை அவன் தந்த நீரில் இட்டு, அவன் தந்த தீயால் அட்டு, அவனுக்கே படைத்து, பின்னர் அதனை நாமே உண்டுவிடுகின்றோம். இதனால் அவன் பெற்றதென்னை? இஃதொரு விளையாட்டேயன்றிப் பிறிதென்னாம் என்று வினவுவாரும் உளர். இவர் வினா எள்ளி நகையாடி ஒதுக்கற்பாலதன்று.

இதற்கு உலகத்தார் இயல்பாகக் கூறும் விடையொன்றுண்டு. இவ்வாண்டு படைத்தால் வரும் ஆண்டும் விளையும். படையாதொழியின் இறைவன் முனிவன் என்பது அது. இவ்விடை இறைவனை நம்மோடு வாணிகஞ் செய்வானொருவனாக ஆக்கிவிடுகின்றது. வருவதை நோக்கி இடும் பொருள் முதலீடே. அது நன்றியாமாறு யாங்ஙனம்? மேலும், அவ்வாறு எண்ணிப் படைத்தான் ஓராண்டு மழை பொய்ப்பின் தான் ஏமாற்றப்பட்டதாக நினைந்து படைத்தலை ஒழிவன். பேரத்தின்மேல் எழுந்த வழிபாடு பேரம் முறிந்தவழித் தானும் முறிதல் ஒருதலை.

வேறு சிலர் வினைக்கொள்கையை எடுத்துக்கொண்டு பிறிதொரு தடை கூறுவர். அவரவர் நுகர்வன அவரவர் செய்த இருவினையின் பயனே. உழுதான் விளைவு பெற்றான். அவன் முன்வினையும் இப்பிறப்பின் முயற்சியும் அதனைத் தந்தன. இதில் இறைவனுக்கு நன்றி கூறுதற்கு இடம் யாதென்பர். சைவசித்தாந்தம் வினையை உடன்பட்டே இதற்கு விடை தருகின்றது. வினை சடம். இஃது இன்னானுக்கு உரியது, இன்ன காலத்து இன்ன அளவிற் சென்று பொருந்தற்பாலது என்று அறியும் அறிவு அதற்கில்லை. உயிரோ சிற்றறிவுடையது, தன் வினைகளைத் தானே தேர்ந்தெடுத்து நுகரும் ஆற்றல் அதற்குமில்லை. ஆதலின், வினைப்பயனை உயிர்களுக்குக் கூட்டுவான் ஒரு முதல்வன் வேண்டப்படும் என்பது சிவஞானபோதம் 2ஆம் சூத்திரத்தாற் போந்த பொருள். விதைத்தவன் உழவனேயாயினும், விதையினுள் முளைக்கும் ஆற்றலை அவன் வைத்திலன். மண்ணை அவன் படைத்திலன். உழுத கையையும் அக்கையை இயக்கிய அறிவையும் அவன் ஆக்கிக்கொண்டிலன். தநு கரண புவன போகங்கள் நான்கனையும் மாயையினின்று தோற்றுவித்து நமக்கு உதவினான் இறைவன். முயற்சி நமதென்பது உண்மை. முயலுதற்கு வேண்டிய அனைத்தும் பெற்றனவென்பது அதனினும் பெரிய உண்மை.

அற்றேல், குறைவிலா அவனுக்கு நம் நன்றியாற் பயனென்னை என்ற முதல் வினாவிற்கு விடை யாதோவெனின், கூறுதும். நன்றியறிதலால் இறைவன் பெறுவது ஒன்றுமில்லை, பெறுவது உயிரே. உயிரை அநாதியே பற்றிநிற்பது ஆணவமலம். அது யான் எனது என்னுஞ் செருக்காய் வெளிப்படும். என் நிலம், என் நெல், என் உழைப்பு, என் வீடு, என் விருந்து என்று ஒவ்வொன்றிலும் அது தன் முத்திரையைப் பொறித்துக்கொள்ளும். அம்முத்திரையை அழிப்பது, இது தரப்பட்டது என்னும் ஓர் அறிவேயாம். நோயாளி மருந்துண்டால் நோய் தீர்வது அவனுக்கே, மருத்துவனுக்கன்று. அவ்வாறே நாம் படைக்கும் பொங்கல் அவனுக்குப் பசி தீர்ப்பதன்று, நமக்குச் செருக்குத் தீர்ப்பது. மெய்கண்டதேவர் 12 சூத்திரங்களால் ஆக்கிய அந்நூலில் 11ஆம் சூத்திரத்தின் கருத்தையும் இங்குக் கொணர்ந்து நோக்குக. கண் பொருளைக் காணுங்கால் உயிர் அதற்குக் காட்டி உடனின்று தானுங் காண்கின்றது. அதுபோல உயிர் அறியுங்கால் இறைவன் அதற்கு அறிவித்து உடனின்று அறிகின்றான். இவ்வுதவியை மறவாது நிற்கும் உயிர்க்கே அயராத அன்பு உளதாம். அவ்வன்பே அவன் திருவடியைக் கூட்டும். இதனாற் பெறப்படுவதென்னை? பத்தியின் வேர் நன்றியறிதலென்பதாம். வேரில்லாத பத்தி நட்டுவைத்த கொம்பே. ஒருநாள் பசுமையாய்த் தோன்றி மறுநாள் வாடும்.

இவ்வுண்மையைப் பொங்கற்பானை நம் கண்முன் நிறுத்துமாறு காண்க. இறைவனுக்கு அட்டமூர்த்தங் கூறுவர் நம் பெரியோர். நிலம், நீர், தீ, வளி, வெளி, ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டும் அவன் திருமேனிகளாம். பானை நிலத்தின் மண்ணாலாயது. அதன்கண் நீர் உளது. கீழே தீ உளது. தீயை வளர்ப்பது வளி. பொங்கி எழுதற்கு இடந்தருவது வெளி. எதிரே எழுகின்றது ஞாயிறு. நெற்பயிரைத் தன் தண்கதிரால் வளர்ப்பதென முன்னோர் கொண்டது திங்கள். அருகே நின்று அடுவது உயிர். இவ்வெட்டும் ஒருங்கு கூடாதவழி ஒருபிடிச் சோறும் உண்டாவதில்லை. ஞாயிற்றுக்குப் பொங்கலிடுவது சைவர்க்கு ஒக்குமோ என்று ஐயுறுவார்க்கும் இதுவே விடையாம். சிவபூசைக்கு முன்னர்ச் சிவசூரிய பூசை செய்தல் மரபாதலும் அறிக. ஞாயிற்றைக் கும்பிடுவார் அதனுள் நின்று ஒளி செய்வானைக் கும்பிடுகின்றனர்.

இனி, அலங்காரத்தைப் பற்றி ஆராய்வாம். நன்றி உள்ளத்தின் தொழிலாயின், கோலமும் தோரணமும் எற்றுக்கு? உள்ளத்தால் நினைந்தமையாதோ? சித்தாந்தம் உயிரின் இயல்பைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்று கூறும். பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தான் ஏற்குமாறுபோல, உயிரும் தான் அடுத்ததன் தன்மையை ஏற்கும். நாள்முழுதும் எப்பொருளைக் கண்டும் தொட்டும் நுகர்ந்தும் பழகுகின்றோமோ அப்பொருளின் சாயல் உள்ளத்திற் படியும். திருநீறும் கண்டிகையும் திருக்கோயிலும் இக்காரணம்பற்றியே நமக்கு வேண்டப்படுகின்றன. அங்ஙனமாகவே, திருநாளில் இல்லத்தைப் புனைதலும் உயிருக்கு அண்மையில் நல்லதொரு நிறத்தை வைத்தலாம். உள்ளத்தால் மட்டும் நினைவேன் என்பானுக்கு நினைவு நெடும்பொழுது நிற்பதில்லை. கண்ணுக்கு ஒரு மஞ்சட்கொத்தைக் காட்டின், உள்ளம் நிலத்தை நினைக்கும். மூத்தோர் இதனை அறிந்தே, அன்றைய அலங்காரப் பொருள்களையெல்லாம் வயலிலும் தோட்டத்திலும் விளைந்தனவாகவே வைத்தனர். மாவிலை, வாழை, கரும்பு, மஞ்சள், இஞ்சி இவற்றுள் பொன்னும் மணியும் இல்லை. போகியன்று கொங்கு நாட்டார் வீட்டிறப்பிற் செருகிக் காப்புக்கட்டும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் விலைகொடுத்து வாங்காமலே வேலியோரத்திற் கிடைத்தவையாம். பெற்ற பொருளையே பெற்றமைக்கு அடையாளமாக நிறுத்தினர் என்க.

அரிசிமாக் கோலத்தின் நுட்பம் இன்னும் சிறந்தது. அதனை இட்டவள் அழகுக்காக இட்டாள்; எறும்பும் குருவியும் அதனை உணவாகக் கொண்டன. உச்சிவேளைக்குள் அக்கோலம் பாதி அழிந்திருக்கும். அவ்வழிவு அதற்குக் குறையன்று, நிறைவேயாம். இக்கருத்தினையே நம் திருக்கோயில்கள் பெரிய அளவிற் செய்துகாட்டுகின்றன. ஐப்பசித் திங்கள் நிறைமதி நாளில் சிவாலயங்களில் நிகழும் அன்னாபிடேகத்திற் சிவலிங்கத் திருமேனிக்குச் சோறே அணியாகின்றது. கங்கைகொண்ட சோழபுரத்தில் அப்பெரிய திருமேனி முழுதும் சோற்றால் மூடப்பெறுதலைக் காண மக்கள் திரள்கின்றனர். தஞ்சையில் இராசராசன் 1010ஆம் ஆண்டிற் கட்டிமுடித்த பெருவுடையார் கோயிலில், மாட்டுப்பொங்கலன்று பெரிய நந்திக்குக் காய்களும் கனிகளும் இனிய பண்டங்களுமே அணியாக மாலைகட்டிச் சார்த்தப்படுகின்றன. இவ்விரண்டிடத்தும் அணியாய் நின்ற பொருள் பின்னர் யாதாகின்றது? அடியார்களுக்கும் வந்தார்க்கும் உணவாகப் பகிரப்படுகின்றது. காலையில் அழகாய் நின்றது மாலையிற் பசிதீர்க்கும் பொருளாயிற்று. அலங்காரத்திற்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறில்லை. இறைவனை நோக்கிப் புனையப்பட்டு, உயிர்களை நோக்கிக் கலைக்கப்படுவதே நன்றியின் அலங்காரம்.

இதற்கு மாறாயது யாதெனின், புனைந்தானையே நோக்கிப் புனையப்படுவது. அயல்வீட்டாரின் கோலத்தினும் தன் கோலம் பெரிதாதல் வேண்டுமென்று இரவெல்லாம் கண்விழித்தலும், வட்டிக்குக் கடன் பெற்று விருந்தைப் பெருக்கலும், வாடாத நெகிழிப்பூக்களால் வாயிலை நிறைத்தலும், உண்பதற்கு முன்னர் இலையைப் படம்பிடித்து ஊரார்க்குக் காட்டி அவர் வியத்தலை எதிர்நோக்கலும் இதன்பாற்படும். இங்கும் மாவிலை உண்டு, கரும்பு உண்டு. ஆயினும் அவையெல்லாம் சுட்டுவது கொடுத்தவனையன்று, வைத்திருப்பவனையே. இவ்வில்லத்தில் அலங்கரிக்கப்பட்டது ஆணவமேயாம். விரலுக்குத் தக்க வீக்கம் என்னும் பழமொழியை நம் பாட்டியர் சிக்கனம் பற்றி மட்டும் கூறினரல்லர். கடனில் எழுந்த விருந்து, உண்பாருக்கு இனிப்பினும், ஊட்டுவானுக்கு அச்சத்தையே தரும். அச்சமுடைய உள்ளத்தில் நன்றிக்கு இடமேது?

அலங்காரம் சிறிதுமின்றி நிகழ்ந்த விருந்தொன்றனைச் சேக்கிழார் பெருமான் நமக்குக் காட்டியருளினார். இளையான்குடிமாற நாயனார் செல்வமெல்லாம் அடியார்க்கு அமுதளித்தலிற் சுருங்கிய பின்னர், மழை பெய்த ஓர் இரவில், உண்ணாதிருந்த தம் மனைக்கு வந்த அடியாரொருவரை எதிர்கொண்டார். வீட்டில் அரிசியில்லை. பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை இருளிற் காலாலும் கையாலும் தடவி வாரிக் கூடையிற் சுமந்துவந்தார். விறகில்லை; கூரையின் அலக்கை அறுத்து விழுத்தினார். கறியில்லை, குழியில் முதிராத இளம்பயிரைப் பறித்துத் தந்தார். அம்மையார் அவ்வொரு கீரையையே பலவேறு கறிகளாகச் சமைத்தார். இங்குத் தோரணம் யாது? அறுபட்ட கூரையே தோரணம். விதைநெல்லையும் கூரையையும் தமதென்று எண்ணியிருப்பின் அவர் அதனைச் செய்திரார். பெற்றதென்று அறிந்தவர்க்கே கொடுத்தல் எளிதாம். அலங்காரம் நன்றிக்குத் துணையேயன்றி நன்றியாகாது என்பதும், நன்றியுள்ளவழி வறுமை விருந்துக்குத் தடையாகாது என்பதும் இதனால் விளங்கும்.

கணமங்கலத்துத் தாயனாராகிய அரிவாட்டாய நாயனார் வரலாறும் இதனோடு ஒப்பநோக்கற்பாலது. செல்வராயிருந்து இறைவனுக்குச் செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் படைத்துவந்த அவர், வறுமையுற்றுக் கூலிக்கு நெல்லரிந்த காலத்தும், கூலியாகப் பெற்ற செந்நெல்லை இறைவனுக்கு ஆக்கித் தாம் கார்நெல்லை உண்டார். கார்நெல்லும் கிடையாதொழிந்தபோது கீரையை உண்டார், படைப்பதை மாற்றினாரிலர். ஒருநாள் வழியிற் கால்தளர்ந்து விழ, படையற்பொருள்கள் நிலப்பிளப்பிற் சிந்தின. அதற்காற்றாது தம் ஊட்டியை அரியத் துணிந்தபோது, அப்பிளப்பினின்று இறைவனது திருக்கை எழுந்து அவர் கையைப் பற்றியது. மாவடுவைக் கடிக்கும் ஓசையும் உடன் எழுந்தது. இவர் செல்வத்திற்காக நன்றி செலுத்தினாராயின், செல்வம் போனபோது நன்றியும் போயிருக்கும். அது போகாமையின், அவர் அறிந்தது பெற்ற பொருளையன்று, தந்த முதல்வனையே என்பது பெறப்படும். அவர் படையலை இறைவன் ஏற்றது மேடையிலன்று, வெடித்த வயலிலே என்பதையும் மறவற்க.

இதுவரை இறைவனுக்கு உரிய நன்றியைக் கூறினோம். இனி, அவன் எக்கைகளின் வழியாகத் தந்தானோ அக்கைகளுக்கு உரிய நன்றியைக் கூறுவாம். சிவஞானபோதத்தின் 11ஆம் சூத்திரம் அயராத அன்பைக் கூறி நிற்க, 12ஆம் சூத்திரம் அவ்வன்புடையானை அடியார் கூட்டத்திற்கும் திருக்கோயிலுக்கும் செலுத்துகின்றது. அஃதாவது, இறைவன்பாற் சென்ற அன்பு அங்கேயே ஒடுங்கிவிடாது மக்களிடை மீண்டு வருதல் வேண்டுமென்பது ஆசிரியர் கருத்தாம். வள்ளுவனாரும் இல்வாழ்வானுக்குத் தென்புலத்தார், தெய்வம், விருந்து, சுற்றம், தான் என ஐந்திடங்களை வகுத்து, தன்னை ஈற்றிலே வைத்தார். உழுதவன், நாற்று நட்டவள், களையெடுத்தவள், அறுத்தவன், போரடித்தவன், ஏரிழுத்த காளை, பால் சுரந்த பசு, பானை வனைந்தவன் ஆகிய இவரெல்லாம் அவ்விலையில் உடனிருக்கின்றனர். இவரை மறந்து இறைவனை மட்டும் வாழ்த்துவது, கொடுத்தவனைப் புகழ்ந்து அவன் அனுப்பிய தூதனை வாயிலிற் பட்டினியாக நிறுத்துவதை ஒக்கும்.

இவ்விடத்து ஓர் உண்மையை மறையாது கூறல் வேண்டும். நெல்லை விளைவித்த தொழிலாளரைப் பொங்கலன்று புறக்கடையில் நிறுத்தி, வீட்டார் உண்டபின் எஞ்சியதை எட்டநின்று இட்டனுப்பிய வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. தீண்டாமை 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பால் ஒழிக்கப்பட்டது. எனினும் சட்டத்தால் ஒழிந்தது உள்ளத்தாலும் ஒழிந்ததோவென ஒவ்வொருவரும் தத்தம் பந்தியை நோக்கி அறிதல் வேண்டும். சைவர்க்கு இதன்கண் ஐயமே எழுதற்கில்லை. திருச்சாத்தமங்கையில் வேதியராகிய திருநீலநக்க நாயனார், ஆளுடைய பிள்ளையார் பணித்தவாறே, பாணர் குலத்துத் திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் மதங்கசூளாமணியாருக்கும் தம் மனையின் நடுவில் வேதியையின் பக்கத்தே இடங்கொடுத்தார். அப்பொழுது வேதியிலிருந்த தீ வலஞ்சுழித்து ஓங்கி எழுந்ததென்பது பெரியபுராணம். நம் பந்தியில் எவரை எங்கு அமர்த்துகின்றோம் என்பது, நாம் தொங்கவிடும் தோரணத்தினும் உண்மையான அலங்காரமாம். எஞ்சியதைக் கொடுத்தல் ஈகையிற் சேர்ந்தாலும் சேரும், நன்றியிற் சேராது. நன்றிக்கு உரியவர்க்கு முதற்பிடி உரியது.

இல்லத்தினுள்ளும் இக்குறை உண்டு. வைகறையில் எழுந்து, வாசல் தெளித்து, கோலமிட்டு, புகையில் நின்று பொங்கி, இருபது இலைகளுக்குப் பரிமாறி, எல்லாரும் உண்டு உறங்கச் சென்றபின், ஆறிய சோற்றைத் தனியே அமர்ந்து உண்பாள் ஒருத்தி எவ்வீட்டிலும் உளள். அவள் தாயாதலும் கூடும், மனைவியாதலும் கூடும், மருமகளாதலும் கூடும். இறைவன் உயிர்களுக்கு உணவூட்டுந் திறத்தை நாம் நேரிற் கண்டது அவள் கையிலன்றோ? இறைவனை அம்மையப்பனென்று போற்றும் நாம், அம்மையின் சாயலை அடுக்களையில் மறத்தல் தகுமோ? அவளைப் புகழ்ந்துரைக்கும் நூறு சொற்களினும், அவளை அமர்த்தி, ஆடவரும் பிள்ளைகளும் பரிமாறி, சூடாற உண்ணச்செய்யும் ஒரு செயல் பெரிது. அவ்வாறு செய்யாத வீட்டில் நன்றி வாசலளவில் நின்றுவிட்டதென்று கொள்க.

இனி, எஞ்சிநிற்பது எல்லாவற்றினும் அரிய வினா. விளைந்த ஆண்டில் நன்றி கூறுதல் எளிது. மழை பொய்த்த ஆண்டிலோ, வெள்ளம் கதிரை வாரிச்சென்ற ஆண்டிலோ, வீட்டில் ஒருவரை இழந்த ஆண்டிலோ நன்றிக்கு யாது செய்வது? நம் நூலோர் அறக்கருணை மறக்கருணை என இருவகைக் கருணை கூறுவர். மகவை அணைத்தலும் அன்பே. நோய்தீர அதற்குக் கசப்பை ஊட்டலும் அன்பே. துன்பமும் இறைவன் அருளின் வழிப்பட்டதென்பது இதன் கருத்து. ஆயினும் இக்கருத்தைக் கையாளுமிடம் அறிந்து கையாளல் வேண்டும். தன் துன்பத்தில் ஒருவன் தானே உணர்ந்து தேறுதற்குரிய மெய்ம்மை இது. பிறன் பசித்திருக்குங்கால், உண்டு ஏப்பமிட்டான் ஒருவன் அவனுக்கு எடுத்தோதும் உபதேசமன்று. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் செய்ததென்னை? மக்களை நோக்கி, இஃது உங்கள் வினை, பொறுத்திருங்கள் என்றாரல்லர். நாள்தோறும் இறைவன் பீடத்தில் வைத்தருளிய படிக்காசைக் கொண்டு பண்டம் வாங்கி அடியார்க்கு அமுதளித்தனர். கைத்தொண்டு செய்த நாவரசர் பெற்ற காசு வட்டமின்றி மாறியதையும், தம் காசுக்கு வட்டம் கேட்கப்பட்டதால் தம் மடத்தில் அமுது காலந்தாழ்ந்ததையும் அறிந்த பிள்ளையார், நல்ல காசே தருமாறு இறைவனைப் பாடி வேண்டினர். பிறர் பசிக்கு ஒரு நாழிகைத் தாழ்வும் பொறாதது அவ்வருளுள்ளம். ஆதலின், வறண்ட ஆண்டில் நன்றியின் வடிவம் இதுவேயாம்: பெற்றான் ஒருவன் பெறாதானைத் தேடிச்செல்லல். அவ்வாண்டில் துயருற்ற இல்லத்தார் பொங்கலிடாதிருப்பின் அவரைக் குறைகூறற்க. அவர் வீட்டிற்கு ஒரு பாத்திரத்திற் சோறு சென்றதாவென்று நம்மை நாமே வினவுக.

இக்காலத்து நகரங்களில் வாழ்வார்க்கு உழவர் முகம் தெரிவதில்லை. அரிசி கடையிலிருந்து பையில் வருகின்றது. பொங்கலும் எரிவாயு அடுப்பில் மூடிய கலத்தினுள் வெந்துவிடுகின்றது. நெற்கதிரைக் காணாத பிள்ளைகளும் உளர். வயலும் களமும் அகன்ற இவ்விடத்தே, அறிதல் தானே நிகழாதாகலின், அதனை முயன்று நிகழ்த்தல் வேண்டும். அது பெருஞ்செலவினாற் செய்யற்பாலதன்று. இறைவன் முன் இலையிட்டுப் படைத்து, திருமுறைப் பதிகமொன்றைக் குடும்பத்தார் ஒருங்கிருந்து ஓதுக. காக்கைக்கும் பசுவுக்கும் ஒருபிடி வைக்குங்கால் பிள்ளைகள் கையால் வைக்கச்செய்க. உண்ணுமுன் மூத்தோரொருவர், இச்சோறு நம்பால் வந்த வழியை, உழுதார் முதல் அட்டார் ஈறாகப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க. தனித்திருக்கும் முதியோரையும், ஊருக்குச் செல்ல இயலாத தொழிலாளரையும் பந்திக்கு அழைக்க. கோலம் எறும்புக்கு உதவும் அரிசிமாவாலே சிறிதாயினும் இடுக. இலையில் எறியத்தகும் அளவு மிகுதியாகப் படையாதொழிக. வீணாக எறியப்படும் சோறு, நன்றியறியாமையைக் கண்ணாற் காணுமாறு செய்த வடிவமேயாம்.

மெய்யன்பர்களே! பால் பொங்கி வழியுங்கால் நாம் மகிழ்ந்து ஆர்ப்பரிக்கின்றோம். நிறைந்த கலம் தன்னுள் அடங்காது வழிதலைக் கண்டு எழும் மகிழ்ச்சி அது. கலத்தினுள்ளேயே அடங்கிக் கிடந்த பாலுக்கு எவரும் ஆர்ப்பரித்திலர். உயிரும் அத்தகையதே. தான் பெற்றதை அறிந்த உள்ளம் நிறையும். நிறைந்த உள்ளம் தன்னெல்லை கடந்து பிறர்பால் வழியும். அவ்வழிதலே இறைவன் உவக்கும் பொங்கலாம். நாம் இடும் கோலமும் கட்டும் தோரணமும் விரிக்கும் இலையும் இவ்வொரு நிகழ்ச்சிக்கு வாயிலாகுக. யான் எனது என்னுஞ் செருக்கு அற்று, எல்லாம் அவன் தந்தன, எல்லார்க்குமாகத் தந்தன என்னும் அறிவு நம் இல்லங்களில் தைத்திங்கள் முதல்நாளோடு ஒழியாது ஆண்டு முழுதும் நிலைபெற, அம்மையப்பனாகிய சிவபெருமான் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்